பள்ளிக்கூடம் மெலிந்தது யாரால்?

(சேலத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச வந்திருக்கும் விஷயம் சாமியைப் பற்றியதல்ல; சாஸ்திரத்தைப் பற்றியதும் அல்ல. நம் வீதியிலுள்ள பள்ளிக்கூடத்தைப் பற்றியதாகும். சுயமரியாதைக்காரர்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். மனிதனுடைய தலையெழுத்தை ஆண்டவன் எழுதினான் என்கிற பேச்சை நாம் வெகுகாலமாக மறுத்து வருகிறோம். மறுத்துவிட்டால் மாத்திரம் போதுமா? அந்த எழுத்தை உண்மையில் எழுதுவது யார், எந்த ஆபீசில் எந்தக் காகிதத்தில் எழுதுகிறார்கள் என்று பார்ப்பதும் பகுத்தறிவுக்காரன் கடமையேயாகும். ஒரு நெசவாளி மகளின் தலையெழுத்து, அவள் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே கிடக்கும் தூரத்தில்தான் எழுதப்படுகிறது என்பது நமது அபிப்பிராயம்.

பிள்ளைகள் குறைந்துபோன பள்ளிகளைச் "சீரமைக்க" வேண்டும், ஒன்றை இன்னொன்றோடு "இணைக்க" வேண்டும் என்ற பேச்சு நாடெங்கும் கிளம்பியிருக்கிறது. 2014இல் ராஜஸ்தானத்தில் 17,000 பள்ளிகள் அளவில் ஒன்றோடொன்று சேர்க்கப்பட்டன. 2019இல் நம் தமிழ்நாட்டில், ஒரு பிள்ளைகூட இல்லையென்று 46 பள்ளிகளை மூடி, கட்டடங்களை நூல்நிலையமாக்குவதென்று தீர்மானித்தார்கள். 2025 ஜூன் மாதத்தில் உத்தரப் பிரதேசத்தில், 50 பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளிகளோடு சேர்க்க உத்தரவு பிறந்தது. ஆகவே இது எங்கோ நடக்கிற சங்கதி என்று நாம் சும்மாயிருக்க முடியாது.

மாற்றம் என்றாலே கூடாது என்று சொல்லுகிறவர்களல்ல நாம். இதே சேலத்தில்தான் 1944ஆம் வருஷம் ஆகஸ்டு 27ந் தேதி ஜஸ்டிஸ் கட்சி தன் பேரையே திராவிடர் கழகம் என்று மாற்றிக்கொண்டது. ஆனால் அந்த மாற்றம் மாநாடு கூட்டி, எல்லோருக்கும் எதிரில் தீர்மானம் வைத்து நடந்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டுச் செய்வது சீர்திருத்தம். கேட்காமல் செய்வதற்கு என்ன பேர் வைப்பது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பள்ளி எப்படி மெலிகிறது?

தோழர்களே! பட்டணத்துப் பள்ளி ஒரே நாளில் மெலிந்துவிடுவதில்லை. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை இருந்தால் 3 ஆசிரியர். வகுப்பு எத்தனை? ஐந்து! ஐந்து வகுப்பை இரண்டு பேர் எப்படி நடத்துவது? ஒருவர் ஒரே அறையில் மூன்று வகுப்பை வைத்துக்கொள்ளுவார். ஒருநாள் அவரைத் தேர்தல் வேலைக்குக் கூப்பிட்டால், மீதியுள்ள ஒருவர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். இதைப் பார்க்கிற தகப்பன் என்ன நினைப்பான்? "இங்கே பாடம் நடக்காது" என்று நினைத்து, கடனோ உடனோ வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றுவான். நான்கு பிள்ளைகள் போனால் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் குறைவார். ஆசிரியர் குறைந்தால் இன்னும் எட்டுப் பிள்ளைகள் போகும். கடைசியில் ஓர் அதிகாரி வந்து, "இந்தப் பள்ளிக்கு ஜனங்களிடம் செல்வாக்கில்லை" என்று எழுதிவிட்டுப் போவார். காலை உடைத்துவிட்டு நொண்டி என்று பேர் வைப்பது போன்ற காரியமல்லவா இது?

இதற்கு மேல் இன்னொரு விசித்திரத்தையும் கேளுங்கள். அதே சட்டம், சிறுபான்மையோர் பள்ளி நீங்கலாக உதவி பெறாத தனியார் பள்ளிகளின் ஆரம்ப வகுப்பில் 100க்கு 25 இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும், அதற்கான பணத்தைச் சர்க்கார் கட்ட வேண்டும் என்கிறது. அந்த இடம் கிடைக்கிற பிள்ளைக்கு அது நன்மைதான். நாம் அதைக் குறை கூறவில்லை. ஆனால் சர்க்கார் தன் பள்ளிக்கு வரவேண்டிய பிள்ளையைத் தன் பணத்தையே கொடுத்து அடுத்த கடைக்கு அனுப்பிவிட்டு, பிறகு "என் கடையில் வியாபாரம் இல்லை" என்று பூட்டை எடுத்தால், அதைப் புத்திசாலித்தனம் என்று எப்படிச் சொல்லுவது?

நம் பக்கத்து நிலைமையையும் பாருங்கள். நாமக்கல் என்றால் முன்பு கோட்டை ஞாபகம் வரும். பிறகு கோழிமுட்டை ஞாபகம் வந்தது. அதற்கும் பிறகு உறைவிடப் பள்ளி ஞாபகம் வந்தது. ஜனங்களே அவற்றுக்குப் "பிராய்லர் பள்ளிக்கூடம்" என்று பேர் வைத்தார்கள். குறித்த நாளில் குறித்த எடை வரவேண்டும் என்று கோழியை அடைத்து வளர்ப்பதுபோல, குறித்த மார்க்கு வரவேண்டும் என்று பிள்ளையை அடைத்து வளர்க்கிறார்கள் என்று அர்த்தம். மாநிலத்தில் முதல், இரண்டாம் ஸ்தானம் என்று பத்திரிகைகளில் படம் போட்டே அந்த வியாபாரம் வளர்ந்தது. 2017இல் ஸ்தானம் அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாட்டுச் சர்க்கார் நிறுத்தியது. பதினோராம் வகுப்புப் பாடத்தையே விழுங்கிவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்பை உருப்போட வைக்கிறார்கள் என்பதற்காக, 2017-18 முதல் பதினோராம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை வைக்க வேண்டியதாயிற்று. பிள்ளைகளுக்குப் பாரம் என்று 2025-26 முதல் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைக்கு அறிவு வளருகிறதா என்று பார்க்காமல் மார்க்கு வளருகிறதா என்று பார்த்த மயக்கமே இவ்வளவுக்கும் காரணம்.

மிஞ்சுகிறவர்கள் யார்?

இப்படி ஒவ்வொருவராகப் போனபின் பட்டணத்துப் பொதுப்பள்ளியில் மிஞ்சுகிறவர்கள் யார்? துப்புரவுத் தொழிலாளியின் பிள்ளை, மூட்டை தூக்குகிறவரின் பிள்ளை, கூலித்தறி ஓட்டுகிறவரின் பிள்ளை, வடக்கேயிருந்து கட்டட வேலைக்கு வந்தவரின் பிள்ளை, ஆதிதிராவிடர் வீட்டுப் பிள்ளை. அவர்கள் வீட்டிலும் ஆணைத் தனியார் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பெண்ணை இங்கே விடுகிறவர்கள் உண்டு. அக்கிரகாரம் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று தெருவைப் பிரித்ததை எதிர்த்து நம் இயக்கம் போராடிற்று. இன்று யாரும் கோடு கிழிக்காமலேயே பள்ளிக்கூடம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. முன்பு ஜாதி பிரித்தது. இப்போது சம்பளமும் வேனும் பிரிக்கின்றன. பெரும்பாலும் பிரிந்து நிற்கிறவர்கள் அதே ஆட்கள்தான்.

வசதியுள்ளவர்கள் விட்டுப்போன பள்ளிக்கு நேருகிற பெரிய நஷ்டம் என்னவென்றால், அதற்காகக் கேட்கிற வாய் இல்லாமற்போவதுதான். கவுன்சிலரின் பிள்ளை படிக்கிற பள்ளியில் கக்கூசுக்குத் தண்ணீர் வராமல் இரண்டு நாள் இருக்குமா?

யார் கொடுக்கிற பணம்?

இனி இணைப்புக்கு வருவோம். இரண்டு பள்ளிகளை ஒன்றாக்கினால் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கிடைப்பார், நல்ல கட்டடமும் விளையாட இடமும் கிடைக்கும் என்று சொல்லுகிறார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. ஏழு பிள்ளைகளை ஒரு மூலையில் உட்காரவைத்து ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்பு நடத்துவதைக் கல்வி என்று நாம் கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் மிச்சம் என்று அவர்கள் காட்டுகிற பணம் எங்கிருந்து மிச்சமாகிறது என்பதுதான் நம் கேள்வி.

அம்மாப்பேட்டையிலோ குகையிலோ ஒரு தறிக்கார வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அல்லது செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக்கொலுசுப் பட்டறைக்கு வேலை செய்கிற வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. செய்த வேலைக்குத்தான் கூலி. பள்ளி தெருக்கோடியில் இருந்தவரை எட்டு வயதுப் பெண் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தானே போய்வந்தாள். அது ஒரு மைலுக்கு அப்பால், பஸ்ஸும் லாரியும் ஓடுகிற ரோட்டுக்கு அந்தண்டை போய்விட்டால் என்ன ஆகும்? தாய் தறியை நிறுத்திவிட்டுக் கொண்டுபோய் விட வேண்டும். சாயங்காலம் போய் அழைத்துவர வேண்டும். நாளைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கப் பள்ளி வருஷத்துக்கு 200 நாள் நடக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு தாய்க்கு 200 மணி. முப்பது வீட்டுக்கு 6,000 மணி. இந்த 6,000 மணி நேரக் கூலி எந்தச் சர்க்கார் கணக்கிலாவது ஏறுகிறதா? ஏறாது. ஆகவே செலவு மிச்சமாகவில்லை; சர்க்கார் பெட்டியிலிருந்து இறங்கித் தாய்மார்களின் முதுகில் ஏறிக்கொண்டது, அவ்வளவுதான்.

கொண்டுபோய் விட முடியாத வீட்டில் என்ன நடக்கும்? பையனை யாருடைய சைக்கிளிலாவது ஏற்றி அனுப்புவார்கள். பெண்ணை, "நாளைக்குப் போகலாம்" என்பார்கள். நாளை என்பது வாரமாகும். வாரம் மாதமாகும். பிறகு அவள் வீட்டில் உட்கார்ந்து தார் சுற்றுவாள். யாரும் அவளைப் பள்ளியிலிருந்து நீக்கவில்லை. எந்தக் காகிதத்திலும் அவள் படிப்பை நிறுத்தியவர் பேர் இருக்காது. "அவள் தலையெழுத்து" என்று பாட்டி சொல்லுவாள். தூரத்தை எழுதினவன் தப்பித்துக்கொள்ளுவான். பழி ஆண்டவன் மேல் போய்விடும். ஆண்டவன் இல்லாவிட்டால் இவர்களுக்கு எவ்வளவு கஷ்டம், பார்த்தீர்களா?

முன் நடந்த கதை

இந்த ஜில்லாக்காரர்களுக்கு இது புதிய கதையல்ல. சேலத்தில் வக்கீல் தொழில் செய்து, 1917 முதல் இந்த ஊர் முனிசிபாலிட்டி சேர்மனாக இருந்தவர் ராஜகோபாலாச்சாரியார். அவர் சென்னை ராஜ்ய முதல் மந்திரியாயிருந்தபோது, 1953 ஜூனில், கிராமப் பள்ளிகளைச் "சீர்திருத்த" ஒரு திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நாளைக்கு மூன்று மணி நேரம்தான். மீதி நேரம் தகப்பன் தொழிலைக் கற்க வேண்டும் என்றார். அதற்கும் காரணம் பணமில்லை, கட்டடமில்லை, ஆசிரியரில்லை என்பதுதான். ஒரே பள்ளியை இரண்டு முறையாக நடத்தினால் இரட்டிப்புப் பிள்ளைகள் படிக்கலாமே என்று கணக்குக் காட்டினார். கணக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் வண்ணான் மகன் வெளுக்கவும், சக்கிலி மகன் செருப்புத் தைக்கவும், தாசில்தார் மகன் தாசில்தாராகவும் அது வழி செய்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று சொல்லிக் கிளர்ச்சி செய்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதல் மந்திரியானார். மே மாதம் 18ந் தேதி அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். ஒரே இரவில் சர்க்காருக்குப் பணம் கொட்டிவிடவில்லை. அதே ஏழைச் சர்க்கார்தான். ஆனால் புத்தி மாறிற்று. பிள்ளை இருக்கிற இடத்துக்குப் பள்ளி போக வேண்டும் என்று ஊருக்கு ஊர் பள்ளி திறந்தார்கள். 1956இல் மதிய உணவு வந்தது. கல்வி டைரக்டராயிருந்த நெ.து. சுந்தரவடிவேலு அவர்கள் 1950களின் கடைசியில் ஊர் ஊராக மாநாடு கூட்டினார். ஜனங்கள் பெஞ்சு கொடுத்தார்கள், கரும்பலகை கொடுத்தார்கள், கட்டடம் கட்டிக் கொடுத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பேர் என்ன தெரியுமா? பள்ளிச் சீரமைப்பு மாநாடு! தோழர்களே, இதே வார்த்தைதான். அன்று சீரமைப்பு என்றால் பள்ளிக்குக் கொடுப்பது. இன்று சீரமைப்பு என்றால் பள்ளியிலிருந்து எடுப்பது என்று ஆகிவிடக்கூடாது என்றுதான் நாம் சொல்லுகிறோம்.

அதற்கும் முந்திய பட்டணத்துப் பள்ளி ஒன்றின் கதையையும் கேளுங்கள். 1920இல் சென்னை ஆயிரம் விளக்கு முனிசிபல் பள்ளிக்கு ஏழைப் பிள்ளைகள் பசியால் வராமல் நின்றுவிட்டார்கள். சர். பி. தியாகராயர் தலைமையிலிருந்த கார்ப்பரேஷன் அந்தப் பள்ளியை மூடவில்லை. அடுத்த பள்ளியோடு சேர்க்கவும் இல்லை. பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி கொடுப்பதென்று தீர்மானித்தது. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. 1922-23இல் 811 பிள்ளைகள் இருந்த அந்த ஐந்து பள்ளிகளில் 1924-25இல் 1,671 பிள்ளைகள் ஆனார்கள். இரண்டு வருஷத்தில் இரட்டிப்பு! 1925இல் வெள்ளைக்கார சர்க்கார் அந்தச் செலவை ஒப்புக்கொள்ளாததால் அது நின்றது. பிள்ளை குறைந்தால் பிள்ளைக்கு என்ன குறை என்று பார்ப்பது ஒரு வழி. கட்டடத்துக்கு என்ன வேலை என்று பார்ப்பது இன்னொரு வழி. 2022 செப்டம்பர் 15ந் தேதி மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டு முதல் எல்லாச் சர்க்கார் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவு, அந்த முதல் வழியைச் சேர்ந்ததாகும்.

பணக்கார தேசம் என்று சொல்லுகிற அமெரிக்காவிலும் இந்தக் கூத்து நடந்தது. சிக்காகோ நகரத்தில் 2013இல், இடம் காலியாகக் கிடக்கிறது என்று 50 பொதுப்பள்ளிகளை மூடத் தீர்மானித்தார்கள். இடம் பெயர்ந்த பிள்ளைகள் சுமார் 12,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நீக்ரோ வம்சத்தாராகிய கறுப்பு மக்களின் பிள்ளைகள். அங்கேயும் சேரிதான் முதலில் கண்ணில் படுகிறது. பிறகு அந்த ஊர்ச் சர்வகலாசாலை ஆராய்ச்சிக்காரர்கள் 2018இல் வெளியிட்டதில், மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்த வருஷத்திலேயே பிள்ளைகளின் படிப்புச் சரிந்தது என்று கண்டார்கள். அதே ஊரில் டையெட் என்ற உயர்நிலைப் பள்ளியை மூடுவதென்று வந்தபோது, 2015இல் பெற்றோரும் மற்றோருமாகப் பன்னிரண்டு பேர் 34 நாள் பட்டினி கிடந்தார்கள். 2016இல் அந்தப் பள்ளி மறுபடியும் புதிதாகத் திறக்கப்பட்டது. உத்தரப் பிரதேசத்திலும் பெற்றோர்கள் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். அதற்குப் பின் ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தில் இணைப்பதில்லை என்று மந்திரி சொல்ல வேண்டி வந்தது. கேட்டால்தான் கிடைக்கும் என்பதற்கு இவை போதாதா?

நாம் செய்ய வேண்டியது

ஆகவே, உங்கள் வீதிப் பள்ளியைச் சீரமைக்கிறோம் என்று யாராவது வந்தால் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, புதிய பள்ளிக்கு எட்டு வயதுப் பெண் தனியே நடந்து போக முடியுமா? சட்டத்தின்கீழுள்ள விதி தொடக்கப் பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர் என்கிறது. அதை வரைபடத்தில் அளக்காமல் காலால் அளக்கச் சொல்லுங்கள். அதிகாரியும் கூட நடக்கட்டும். இரண்டாவது, வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று எழுத்தில் கொடுப்பீர்களா? மூன்றாவது, காலை உணவு நேரத்துக்குள் பிள்ளை போய்ச் சேருமா? நான்காவது, தூரம் அதிகமானால் வண்டி யார் செலவு? ஐந்தாவது, இந்தப் பள்ளிப் பெற்றோரைக் கூட்டி அபிப்பிராயம் கேட்டீர்களா? இந்த ஐந்துக்கும் சரியான பதில் வந்தால் இணைப்பை நாமே ஆதரிப்போம். பதில் வராவிட்டால் அது சீரமைப்பல்ல, கைகழுவுதல்.

கேட்க நமக்கு அதிகாரம் உண்டா என்று பயப்படாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரே இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாயிருக்க வேண்டும் என்று சட்டமே சொல்லுகிறது. பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அந்தக் குழுவின் வேலை. கோவில் தர்மகர்த்தா பதவிக்கு அடித்துக்கொள்ளுகிற ஊரில், இந்தக் குழுக் கூட்டத்துக்கு ஆள் சேராமலிருப்பது நியாயமா? தேருக்கு வடம் பிடிக்க ஆயிரம் கை வருகிறது. பள்ளிக்கூட ஓட்டை மாற்ற நாலு கை வரவில்லை என்றால் நம்மைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

கடைசியாக, நம் தோழர்களுக்கே ஒரு வார்த்தை. மேடையில் பொதுப்பள்ளியைக் காப்பாற்று என்று பேசிவிட்டு, காலையில் தன் பிள்ளையை மஞ்சள் வேனில் ஏற்றி அனுப்புகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். ஏழைத் தகப்பனை நாம் குற்றம் சொல்லமாட்டோம். அவன் பிள்ளை முன்னேற வேண்டுமென்ற ஆசையில் போகிறான். ஆனால் பொதுப்பணத்தில் சம்பளம் வாங்குகிறவர்களும், பொதுஜனத்தின் ஓட்டு வாங்குகிறவர்களும், பொதுநலம் பேசுகிறவர்களும் தங்கள் பிள்ளைகளைப் பொதுப்பள்ளியில் சேர்த்தால், அடுத்த வருஷமே அந்தப் பள்ளியில் ஆசிரியரும் தண்ணீரும் விளக்கும் வந்துவிடும். அதைவிடப் பெரிய சீரமைப்பு வேறில்லை.

நம் பிள்ளைகள் பிறக்கும்போதே மெலிந்த புத்தியோடு பிறந்தவர்களல்ல. நம் பள்ளியும் மெலியவென்று பிறந்ததல்ல. மெலிய வைத்தவர்கள் மனிதர்கள். ஆகையால் மனிதர்களால் அதைத் தேற்ற முடியும். அந்த வேலைக்கு நீங்கள் ஒவ்வொருவரும் முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.